அந்தச் சிப்புக்கு நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

திவாவுக்கு,

திங்கட்கிழமை விடியப் புறப்பட்டால்தான் நேரத்துக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேரலாம் என்று அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் பெட்டி முன்னறையில் திறந்தபடி கிடக்கிறது. நீ ஹட்டன் டவுனுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதற்குப் பதில் சொல்லப்போய், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பெங்களூரில் உனக்குக் கிடைத்திருக்கும் வேலை என்னவென்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன் அதைச் சோதித்து, சரி, அனுப்பலாம் என்று சொல்கிற குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஒருநாள் அந்தச் சம்மதத்தில் உன் பெயரும் இருக்கும். நான் அதே கையெழுத்தை ஒருதடவை போட மறுத்தேன். அதனால் என்ன நடந்தது என்பதில் பாதி உனக்குத் தெரியும், நீ அப்போது இந்த வீட்டில்தான் இருந்தாய். மற்றப் பாதியை நான் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. இதை அவரும் வாசிப்பார். ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

நகத்தளவுச் சிலிக்கன் துண்டு ஒன்றில் நிறையச் சின்னக் கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். கோர் என்கிறோம். ஒரு பெரிய வேலையைப் பங்கு போட்டுச் செய்கிறவை அவை. பங்கு போட்டுச் செய்வதென்றால் ஓயாமல் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஒரு கோர் அனுப்பும் செய்தி துண்டு துண்டாக, சந்திக்குச் சந்தி கைமாறி, மற்றக் கோருக்குப் போகிறது. சந்தியில் இருந்து அதைத் திருப்பிவிடுவது ரூட்டர். கணக்குப் போடத்தான் மின்சாரம் செலவாகிறது என்று வெளியில் நினைப்பார்கள். கோர்கள் கூடக் கூட, செய்திகளைச் சுமந்து திரிவதற்கே பெரும்பங்கு போய்விடுகிறது. ஒன்றுமே வராத சந்திகூடச் சும்மா விழித்திருப்பதற்கு மின்சாரம் குடிக்கும். அதனால் வேலையில்லாத சந்தியைத் தூங்க வைக்க வேண்டும், செய்தி வரும்போது எழுப்ப வேண்டும், ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் திருப்பிவிட வேண்டும். கொழும்பில் அந்தச் சின்ன அலுவலகத்தில் என் வேலை இதுதான். திருப்பிவிடும் பகுதியை நான் செய்தேன். தூங்க வைத்து எழுப்பும் பகுதியைச் செய்தது இர்ஷாத்.

நானா, நானா என்று அண்ணனைப் போல நீ கூப்பிட்ட இர்ஷாத்தை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டிக்கோயாப் பிள்ளை, அவன் வாப்பாவுக்கு ஹட்டனில் துணிக்கடை. மின்வெட்டும் டீசல் வரிசையுமாக நாடே நின்றிருந்த அந்தக் காலத்தில் அலுவலகம் எங்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. சோதனைப் பலகையை நான் கொண்டுவந்து நம் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நாங்கள் வரைந்த சிப் இன்னும் பிறக்கவில்லை, அந்தப் பலகைதான் சிப்பைப் போல நடித்துக் காட்டும். இர்ஷாத் தினமும் டிக்கோயாவிலிருந்து பஸ் கிடைத்தால் பஸ்ஸில், இல்லாவிட்டால் நடந்து வருவான். உன் கெம்பஸையும் மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கரண்ட் போன நேரமெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் வாசலில் கேரம் ஆடினீர்கள். பொல்பிட்டிய மின்நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா உங்களைப் பார்த்து, "கரண்ட் செய்றவன் வீட்டுலேயே கரண்ட் இல்ல, யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்பார். கஷ்டமான காலம். ஆனாலும் அந்த மேசையைச் சுற்றி நாம் எல்லோரும் இருந்தோம்.

அந்தச் சிப் எதற்கென்று நான் வீட்டில் விவரமாகச் சொன்னதில்லை. கையில் தூக்கிப் போகக்கூடிய ஸ்கேன் கருவி ஒன்றுக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே அரைநாள் ஆகிற இடங்களுக்கு, பற்றரியில் வேலை செய்கிற கருவி. வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பதுதான் அதன் முக்கியமான வேலை. பற்றரி ஒருநாள் முழுக்கத் தாங்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அதற்காகத்தான் சந்திகளை இவ்வளவு கண்டிப்பாகத் தூங்க வைத்தோம். சிப்பைச் செய்து தரும் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு தவணை ஒதுக்கியிருந்தார்கள். அது தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் எல்லோருடைய வயிறும் அந்தத் தவணையை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் பின்னேரம். கரண்ட் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இர்ஷாத் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தான், நீ உள்ளறையில் போனில் லெக்சர் கேட்டுக்கொண்டிருந்தாய். யாரோ ஒரு தாயின் வயிற்றில் எடுத்த பழைய ஸ்கேன் பதிவைப் பலகையில் ஓடவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் பிள்ளையின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அது துடிக்கவில்லை. எனக்கு உடனே விளங்கவில்லை. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. கருவி உயிரோடு இருப்பதற்கான அடையாளமெல்லாம் இருந்தது. படம் மட்டும் நின்றுவிட்டது. கடைசியாக வந்த படம் அப்படியே திரையில் இருந்தது, அசையாத ஒரு பிள்ளையாக.

இர்ஷாத் திரும்பி வந்ததும் இரண்டு பேருமாகத் தேடினோம். சில நாட்கள் பிடித்தது. கடைசியில் கண்டுபிடித்தோம். நாலு சந்திகள் வட்டமாக ஒன்றை ஒன்று பார்த்துக் காத்திருந்தன. முன்னால் இருப்பது நகர்ந்தால்தான் தான் நகரலாம் என்று நாலும் நின்றன. பக்கத்தில் தூங்கும் ஐந்தாவது சந்தி எழுந்தால் வழி பிறக்கும். அதை எழுப்பப் போன செய்தியோ அந்த நெரிசலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய பகுதியைத் தனியாகச் சோதித்தால் பிழையில்லை. என்னுடையதும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் எல்லாமே உறைந்து போனது. அபூர்வமாகத்தான் அப்படி நேரும். ஆனால் நேரும்.

"மிஸ், என்னோட பகுதியாலதானே?" என்றான்.

"உன்னோடது தனிய, என்னோடது தனிய இருந்தா ஒண்ணுமில்ல. சேத்து வச்சப்போ வந்தது. அப்ப அது ரெண்டு பேரோடதும்தான்" என்றேன். அவன் தலையாட்டினான். அவன் சமாதானமாகவில்லை என்று தெரிந்தது.

கொழும்பில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் தலைவரை நீ ஒரு கெட்ட மனிதராக நினைத்து வைத்திருக்கிறாய். அப்படி நினைக்காதே. வேலை இடத்தில் உனக்கு எதிராகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேறு யாருக்காகவோ பயந்து பேசுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அவர் நாங்கள் எழுதிக் கொண்டுபோனதை முழுதாக வாசித்தார். பிறகு கேட்டார், "மெடம், இது எப்போதோ ஒருக்காதானே வருது. நின்னுட்டா தானாவே திரும்ப ஆரம்பிக்கிற மாதிரி சொப்ட்வெயார்ல செய்யலாம்தானே?"

"செய்யலாம் சேர். நின்னுட்டதுன்னு அது கண்டுபிடிச்சு, திரும்ப எல்லாத்தையும் எழுப்புறதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

"கொஞ்ச நேரம்தானே?"

"அந்தக் கொஞ்ச நேரத்துல திரையில பழைய படம்தான் இருக்கும். பாக்கிறவங்களுக்கு அது பழசுன்னு தெரியாது."

பற்றரி சீக்கிரம் தீர்ந்தாலும் பரவாயில்லை, சந்திகளைத் தூங்கவிடாமல் வைத்து அனுப்பலாம் என்றேன். வாங்குகிறவர்கள் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார், அதுவும் உண்மை. திருத்துவதற்கு மூன்று மாதம் கேட்டேன். தவணை போய்விடும் என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "நீங்க கையெழுத்துப் போடலேன்னா இந்த மேசையில இருக்கிறவங்க எல்லாரும் அடுத்த வருஷம் இங்க இருப்பாங்களா மெடம்? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இர்ஷாத் எனக்குப் பக்கத்தில் இருந்தான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். நான் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. முடியாது சேர் என்றேன்.

படிக்கட்டில் இர்ஷாத் என்னைப் பிடித்தான். "மிஸ், எல்லா சிப்லயும் ஏதோ ஒரு பிழை இருக்கத்தான் செய்யும். நீங்கதானே எனக்கு அதச் சொன்னீங்க. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்றான். என்னிடம் காரணம் இருந்தது. அதைப் படிக்கட்டில் நின்று சொல்ல முடியவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசுவம்" என்றேன். பேசவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்த பாதி. தவணை போயிற்று. வாங்குகிறவர்கள் வேறொரு நாட்டு நிறுவனத்தோடு பேசப் போய்விட்டார்கள். அந்தச் சிப் பிறக்கவே இல்லை. எங்கள் குழுவைக் கலைத்தார்கள். இர்ஷாத் வாப்பாவின் துணிக்கடைக்குப் போனான். நான் இங்கே டவுனில் பிள்ளைகளுக்கு இலத்திரனியல் படிப்பிக்கத் தொடங்கினேன். நீ என்னோடு பல நாள் பேசவில்லை. பேசிய அன்று, "இர்ஷாத் நானா என்னம்மா தப்புச் செஞ்சாரு? ஒரு கையெழுத்துதானே?" என்று கேட்டாய். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாமல் கறியை வைத்தேன். உனக்குக் கோபம் இன்னும் கூடியது. இப்போது பதில் சொல்கிறேன்.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் என் வயிற்றில், எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அசைவு குறைந்த மாதிரி இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுக்கு வேலை, நான் தனியாகத்தான் போனேன். பெரிய பயம் ஒன்றும் இல்லை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனது. இளம் டொக்டர், சிங்களவர். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நகர்த்தினார், மறுபடி பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "பொட்டக் இன்ன" என்றார். கொஞ்சம் இருங்கள் என்று. கருவியை அணைத்தார். மறுபடி போட்டார்.

அது அணைந்து மறுபடி வரும் வரைக்கும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மெஷின்தான் பழுது. அப்போதே இலத்திரனியல் படித்து வேலை செய்துகொண்டிருந்தவள் நான். எத்தனை விதமாக அது பழுதாகலாம் என்று எனக்குத் தெரியும். வயர் கழன்றிருக்கும், படம் நின்றிருக்கும், இப்போது வந்துவிடும் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு இயந்திரம் பிழையாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். படம் வந்தது. டொக்டர் மறுபடி வெகுநேரம் பார்த்தார். பெரிய டொக்டரையும் கூட்டி வந்து காட்டினார். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தத் துக்கத்துக்குள்ளும் எனக்குச் சந்தேகம் என்ற ஒன்று இருக்கவில்லை. ஒருவேளை பிள்ளை உயிரோடு இருந்திருக்குமோ, கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ, படம் தவறோ என்று ஒருநாளும் நான் எழுந்து உட்கார்ந்து அழுததில்லை. அந்த மெஷின் உண்மையைச் சொன்னது. அதனால் என்னால் அழ முடிந்தது, பிறகு எழும்ப முடிந்தது, உன்னைப் பெற முடிந்தது. நம் மேசையில் அந்தப் படம் நின்றபோது நான் கண்டது எங்கோ ஒரு மலையில், எனக்குத் தெரியாத ஒரு பெண் படுத்திருப்பதை. அவள் பிள்ளை நன்றாக இருக்கும்போதே டொக்டரின் முகம் மாறும். அதைவிட, உண்மையிலேயே பிள்ளை போன ஒருத்தி, இந்தக் கருவி இடையில் நிற்கும் என்று எப்போதாவது கேள்விப்பட்டால், அப்புறம் அவளுக்குத் தூக்கம் ஏது? அந்தக் கடதாசியில் என்னால் பெயர் எழுத முடியவில்லை, திவா.

அது ஒரு பொறியியலாளரின் முடிவா, பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் முடிவா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் இர்ஷாத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் உடனே தலைகுனிந்து சரி என்றிருப்பான், கேள்வியை விட்டுவிட்டிருப்பான். என் துக்கத்தைக் காட்டி அவன் வாயை மூட எனக்கு விருப்பமில்லை. படம் நின்றது என்பதே போதுமான காரணமாக இருந்திருக்க வேண்டும். உனக்கும் அது போதும். எதையும் இழந்து பார்த்த பிறகுதான் மறுக்கலாம் என்று இல்லை. ஒரு வேலை எப்படி ஓடுகிறது என்று எல்லோரும் காட்டுவார்கள். அது நிற்கும்போது யாருக்கு முன்னால் நிற்கிறது என்று நீ கேள்.

இன்னொன்று. நீ மறுப்பதால் யாராவது நஷ்டப்பட்டால் அவர்கள் இருக்கும் தெருவைச் சுற்றிப் போகாதே. நான் மாதக்கணக்காக அந்தத் துணிக்கடைத் தெருவால் போகவில்லை. பள்ளிக்கூடச் சீருடைத் துணி வாங்கித் தரும்படி பக்கத்து வீட்டம்மா கேட்டு, வேறு கடையில் கிடைக்காமல், கடைசியில் ஒருநாள் காலையில் போனேன். இர்ஷாத் துணி அளந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கத்தரிக்கோலை வைத்தான். அவன் வாப்பா எழுந்து, "வாங்க, இருங்க டீச்சர்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. மன்னிப்புக் கேட்பதா, என்ன கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். அவனே தொடங்கினான்.

"மிஸ், எல்லாச் சந்தியையும் விழிக்க வைக்கத் தேவையில்ல."

"என்ன?"

"ஒரே ஒரு வளையம். எல்லாக் கோரையும் தொட்டுக்கொண்டு போற ஒடுக்கமான ஒரு பாதை. அத மட்டும் தூங்கவிடாம வச்சா போதும். மத்ததெல்லாம் தூங்கட்டும். நெரிஞ்சு நின்னா அந்த வளையத்தால இறங்கிப் போயிடலாம். எழுப்புற செய்தியும் அதாலயே போகும்."

கடைக்கு வருகிறவர்களுக்குத் துணி அளந்து கொடுத்துக்கொண்டே அத்தனை மாதமும் அவன் அதையே யோசித்திருக்கிறான். நான் துணியை மறந்துவிட்டேன். அன்றிலிருந்து கடையின் மேல்மாடியில், துணிக் கட்டுகளுக்கு நடுவே, என் வகுப்பு முடிந்த பின்னேரங்களில் உட்கார்ந்து அதைச் செய்தோம். ஒடுக்கமான பாதை என்பதால் அது குடிக்கும் மின்சாரமும் கொஞ்சம்தான். தலைவரிடம் நான் கேட்டிருந்த அதே மூன்று மாத அளவில் அது முடிந்தும் விட்டது. வேலையில்லாத இரண்டு பேர், ஒரு பழைய கணினி. இரண்டு பேர் பெயரும் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரையாக வெளியிட்டோம். அதைக் காட்டித்தான் பினாங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். அன்று நீ கெம்பஸில் இருந்தாய்.

யாராவது அதை எடுத்துப் பயன்படுத்தினார்களா என்று நான் தேடியதில்லை. போன வருஷம் நீ விடுமுறையில் வந்தபோது, பஸ்ஸில் வந்த களைப்போடு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, உங்க பேப்பர எங்க சேர் வகுப்புல குடுத்தாரு. உங்க பேர்தான்னு நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாய். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. பிறகு நீ சிப் சோதனையையே உன் துறையாக எடுத்தாய். அதற்கும் நான் காரணம் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு நீயும் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

உன் அக்காவை அக்கரப்பத்தனையில், தாத்தா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்பாவும் சித்தப்பாவும்தான் கொண்டுபோனார்கள். கல் ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் இடம் தெரியும் என்று அப்பா ஒருதடவை சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பக்கம் வேலையாகப் போகிற நாட்களில் கொஞ்சம் தாமதமாகத்தான் வீட்டுக்கு வருவார். நான் ஏன் என்று கேட்டதில்லை, என்னைக் கூட்டிப் போங்கள் என்றும் சொன்னதில்லை. நீ போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் இருக்கிறது. காலையில் முதல் பஸ்ஸை எடுத்தால் மழைக்கு முன் போய் வந்துவிடலாம். நீ திரும்பி வந்ததும் அப்பாவிடம் கேட்கப் போகிறேன். நீயும் வா. மூன்று பேருமாகப் போவோம்.

அம்மா